மூங்கிலும் முடையும் கையும்

குழந்தையின் தூளிக்குக் குறுக்குக் கம்பாக நிற்பதும் மூங்கில். இறுதி நாளில் மனிதனைச் சுமந்து செல்வதும் மூங்கில். இவ்விரண்டு பயணங்களுக்கும் இடையில் அது முறமாகிறது, கூடையாகிறது, ஏணியாகிறது, பந்தற்காலாகிறது, கொத்தனார் ஏறி நிற்கும் சாரமாகிறது, புல்லாங்குழலாகிறது. டிசம்பர் மாதம் நம் வீட்டு வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வண்ணத்தாளைச் சற்றே விலக்கிப் பார்த்தால், அதைத் தாங்கி நிற்பவையும் மூங்கிற் சிம்புகளே.

தமிழர் இதனை வேய், கழை, அமை எனப் பல பெயர்களால் அழைத்தனர். மகளிரின் தோளுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் மூங்கிலைச் சொன்னார்கள். திருநெல்வேலிக்கே வேணுவனம், அதாவது மூங்கிற் காடு, என்றொரு பழம்பெயர் உண்டு.

இத்தகைய மூங்கிலுக்கு நம் நாட்டில் அண்மைக் காலத்தில் புதிய மதிப்பு வந்திருக்கிறது. 2018-19ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி மூங்கிலைப் ‘பச்சைத் தங்கம்’ என்று குறிப்பிட்டு, அதன் வளர்ச்சிக்கு 1,290 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார். தங்கம் என்றால் அது யார் கைக்கு வந்து சேர்கிறது என்று கேட்பதும் முறைதானே? நடுகின்ற உழவருக்கா, வாங்குகின்ற ஆலைக்கா, முடைகின்ற தொழிலாளிக்கா? அரசு எவ்வகையில் துணை செய்கிறது, அத்துணை நம் சிங்காரப்பேட்டை போன்ற ஊருக்கு எப்படிப் பயன்படும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மரமன்று, புல்!

மூங்கிலைப் பார்த்தவர் அதை மரம் என்றே சொல்வர். தாவர நூலோ அதைப் புல் குடும்பத்தில் சேர்க்கிறது. நெல்லும் கேழ்வரகும் கரும்பும் அறுகம்புல்லும் மூங்கிலுக்கு உறவினர்.

மரம் ஆண்டுதோறும் உயர்ந்து பருத்துக்கொண்டே போகும். மூங்கில் அப்படியன்று. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மழைக்காலத்தில் குருத்து புறப்படும்போதே, அது எவ்வளவு பருமனாக இருக்கவேண்டுமோ அவ்வளவு பருமனாகவே வெளிவருகிறது. இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதன்பின் அது உயர்வதுமில்லை, பருப்பதுமில்லை; முற்றி உறுதிப்படுவது ஒன்றே மிச்சம். அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும்.

இந்த இயல்பே மூங்கிலின் சிறப்பு. ஒரு தேக்கை வெட்டினால் மீண்டும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். மூங்கிற் புதரில் முற்றிய கழிகளை மட்டும் வெட்டி, இளையவற்றை விட்டுவைத்தால், அடுத்த மழைக்குப் புதுக் குருத்துகள் வந்துவிடும். ஒருமுறை நட்ட புதர் பல பத்தாண்டுகளுக்குப் பயன்தரும். அதன் வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துவதால் ஓடைக்கரைகள் சரியாமல் காக்கப்படுகின்றன.

புதரின் வாழ்நாளுக்கும் ஓர் எல்லை உண்டு. நம் பெருமூங்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பூக்காமலேயே இருந்து, பின் ஒரே சமயத்தில் பூத்து, விதைத்து, மடிந்துபோகும். அப்பொழுது உதிரும் விதையே மூங்கிலரிசி. மலைவாழ் மக்கள் அதைச் சமைத்து உண்பர். வடகிழக்கில் உள்ள மிசோரமில் ஒருவகை மூங்கில் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் பூக்கிறது. 1959ஆம் ஆண்டில் அப்படிப் பூத்தபோது, விதையைத் தின்று பெருகிய எலிகள் வயல்களையும் அழித்தன. பெரும் பஞ்சம் வந்தது. மீண்டும் 2006 முதல் 2008 வரை பூத்தது. புல்லின் பூவொன்று ஒரு மாநிலத்தின் வரலாற்றையே மாற்றியது என்றால் வியப்பல்லவா?

நம் வட்டாரமும் மூங்கிலும்

சிங்காரப்பேட்டை சவ்வாது மலையின் அடிவாரப் பகுதியில், செங்கம் கணவாய்க்கு மேற்கே உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்தது. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பகுதி இது. நிலக்கடலை, கேழ்வரகு, கொள்ளு, துவரை ஆகியவை நமக்குப் பழகிய பயிர்கள். மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் நம்முடையது.

இங்குள்ள வறண்ட மலைச்சரிவுக்கு ஏற்றது கல்மூங்கில். உள்ளே துளை சிறுத்து, கெட்டியாக இருக்கும். ஏணிக்கும் கைத்தடிக்கும் அது ஏற்றது. ஓடைக்கரையில் வளர்வது பெருமூங்கில். முள் அடர்ந்தது, உயரமானது.

மூங்கிலின்றி நம் வட்டாரத்துத் தொழில்கள் நடந்ததில்லை. மாங்காய் பறிக்கும் காலத்தில் கூடைகளுக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. தானியம் கொட்டி வைக்கும் தொம்பையும், எருவள்ளும் மக்கிரியும், களத்துமேட்டு முறமும் மூங்கிலால் ஆனவையே. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போர் ‘சந்திரிகை’ என்ற ஒன்றைப் பயன்படுத்துவர். மூங்கிற் பாயின்மீது மூங்கிற் பட்டையை வட்ட வட்டமாக நிறுத்திக் கட்டிய பெரிய தட்டு அது. கூடு கட்டும் பருவம் வந்த புழுவை அதில் விட்டால், அந்தச் சுற்றுகளின் இடுக்கில் அமர்ந்து பட்டு நூலைச் சுற்றும். நம் தாய்மார் உடுத்தும் பட்டுச் சேலைக்குப் பின்னாலும் மூங்கில் முடைந்த கை ஒன்று இருந்தது.

இன்றைய நிலை என்ன? மாங்காயும் தக்காளியும் பிளாஸ்டிக் கிரேட்டில் போகின்றன. சந்திரிகையின் இடத்தில் பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. தொம்பை இருந்த மூலையில் தகர டிரம் நிற்கிறது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் முறமும் கூடையும் இன்னும் விற்கின்றன. ஆனால் முடைபவரின் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அதில் தவறேதுமில்லை. வீட்டுத் தொழிலில் வயிறு நிறையாதபோது வேறு என் செய்வர்?

சட்டத்தில் இருந்த முடிச்சு

மூங்கிலை உழவர்கள் ஏன் பெருமளவில் பயிரிடவில்லை? தண்ணீர், விலை முதலிய காரணங்களோடு, சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. நாட்டின் பல மாநிலங்களில் நடைமுறையில் உள்ள 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம், ‘மரம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது மூங்கிலையும் அதில் சேர்த்துவிட்டது. தாவர நூல் புல் என்றது. சட்ட நூல் மரம் என்றது! இதனால், தன் சொந்த நிலத்தில் தானே நட்ட மூங்கிலை வெட்டவும் வண்டியேற்றவும் உழவர் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. அலைச்சலுக்கு அஞ்சியவர்கள் நடுவதையே விட்டுவிட்டனர்.

இந்த முடிச்சு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று கூறி, காட்டில் வாழும் பழங்குடியினர்க்கும் மரபாகக் காட்டை நம்பி வாழ்வோர்க்கும் அதன்மீது உரிமை அளித்தது. ஏட்டில் இருந்த உரிமை நடைமுறைக்கு வர மேலும் ஐந்தாண்டுகள் ஆயின. மராட்டிய மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற சிற்றூர் உண்டு. 2011 ஏப்ரலில் அவ்வூர்க் கிராம சபைக்குத் தன் காட்டு மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் உரிமையும், அதற்கான அனுமதிச்சீட்டுப் புத்தகமும் வழங்கப்பட்டன. நாட்டில் இவ்வுரிமையை முதன்முதலில் பெற்ற கிராமம் அதுவே.

அடுத்து, 2017 நவம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டத்தின் மூலமும், அடுத்த மாதமே நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலமும், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘மரம்’ என்ற விளக்கத்திலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் சட்டமும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து இறக்கியது. ஆனால் இச்சலுகை காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்ப்பதற்கு மட்டுமே உரியது. காட்டு மூங்கிலுக்குப் பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

இங்கே நம் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1882ஆம் ஆண்டிலிருந்தே தனி வனச் சட்டம் உண்டு. ஆகையால் பட்டா நிலத்து மூங்கிலை வெட்டி லாரியில் ஏற்றும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் நிலச் சான்றும், வனச்சரக அலுவலகத்தில் நடப்பு விதிகளும் கேட்டுக்கொள்வது நல்லது. நமக்கு அண்டை மாநிலமான கர்நாடகத்துக்குச் சரக்கு கொண்டுபோவோர்க்கு இது மேலும் முக்கியம். மாநிலம் விட்டு மாநிலம் மரமும் மூங்கிலும் செல்வதை எளிதாக்கவே மத்திய அரசு 2023 டிசம்பரில் தேசிய அளவில் ஒரே அனுமதிச்சீட்டு முறையைக் கணினி வழியாகத் தொடங்கி வைத்தது.

நடுவோர்க்குப் பண உதவி

தேசிய மூங்கில் இயக்கம் 2006-07ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2014-15இல் அது தோட்டக்கலை வளர்ச்சித் திட்டத்துக்குள் அடங்கியது. கன்று நடுவதிலேயே கவனம் செலுத்திய அத்திட்டத்தில், விளைந்த மூங்கிலை வாங்குவதற்கும் பதப்படுத்துவதற்கும் போதிய ஏற்பாடு இல்லை என்பது கண்டறியப்பட்டது. ஆகவே 2018 ஏப்ரலில் இயக்கம் திருத்தியமைக்கப்பட்டது. நாற்றங்கால், நடவு, பதப்படுத்துதல், சிறு தொழிற்கூடம், சந்தை, பயிற்சி என எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோக்க வேண்டும் என்பதே புதிய நோக்கம். பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்குமாக ஏற்பது என்றும், வடகிழக்கு மற்றும் மலை மாநிலங்களில் 90க்கு 10 என்றும் வகுத்தனர்.

அன்று வகுத்த கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கன்றை நட்டு மூன்றாண்டு பேண 240 ரூபாய் ஆகும் என்று கொண்டு, அதில் பாதியாகிய 120 ரூபாயை உழவருக்கு உதவியாகத் தருவது என்று முடிவு செய்தனர். அதுவும் ஒரே தடவையில் அன்று. முதலாண்டு 60 ரூபாய், இரண்டாம் ஆண்டு 36 ரூபாய், மூன்றாம் ஆண்டு 24 ரூபாய்.

ஐந்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 160 கன்றுகள் நிற்கும். அப்படியானால் ஏக்கருக்கு முதலாண்டில் 9,600 ரூபாயும், அடுத்த ஆண்டில் 5,760 ரூபாயும், மூன்றாம் ஆண்டில் 3,840 ரூபாயும் வரும். மொத்தம் 19,200 ரூபாய். பிந்திய தவணைகள் உயிரோடு நிற்கும் கன்றுகளைப் பார்த்தே தரப்படும். நட்டுவிட்டு மறந்துபோகிறவருக்கு உதவி இல்லை என்பது இதன் பொருள். நாற்றங்காலோ பதப்படுத்தும் கூடமோ அமைக்க முன்வரும் தனியார்க்கும் பாதிச் செலவு வரை உதவ வகை செய்யப்பட்டது.

திட்டங்களின் பெயரும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே நட விரும்புவோர் அந்தந்த ஆண்டின் விகிதத்தை வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களில் கேட்டறிய வேண்டும். கன்று வாங்கும் முன் கேட்பதே முறை. வாங்கி நட்டபின் கேட்பதில் பயன் குறைவு.

கன்றுக்கும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் ஓசூரிலேயே குரோமோர் பயோடெக் என்ற நிறுவனம், ‘பீமா மூங்கில்’ என்ற முள்ளற்ற, கெட்டியான வகையைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி நாடெங்கும் பரப்பியது. தாய்ச்செடியின் சிறு துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து ஆயிரக்கணக்கான கன்றுகளாக்குவதே திசு வளர்ப்பு. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனமும், பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் மூங்கில் பற்றி ஆராய்ந்துவரும் மத்திய அரசு அமைப்புகள்.

ஆலையும் கூடையும்

அரசின் உதவி எப்பொழுதும் எளியவரை அடைந்துவிடுவதில்லை. இதற்கு அண்டை மாநிலமே சான்று.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் மூங்கில் செழித்திருந்தது. 1950களின் பிற்பகுதியில் அங்கே காகித ஆலை வந்தபோது, தொழில் வளர்ச்சிக்கென்று மாநில அரசு அதற்கு டன் ஒன்றரை ரூபாய் வீதம் மூங்கில் கொடுத்தது. அதே மூங்கிலைக் கூடை முடையும் மேதரர் சமூகத்தார் கடையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காட்டில் மூங்கிலும் அருகியது. கூடை முடைவோர் முறையிட்டனர். 1975இல் அறிவியலாளர் மாதவ் காட்கில் இதனை ஆராயத் தொடங்கினார்.

அவர் கண்டவற்றுள் ஒன்று நாம் மறக்கத்தகாதது. வெட்டுவதற்கு எளிதாக இருக்கும் என்று புதரின் அடியில் பின்னிக் கிடக்கும் முட்களைக் கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. அது புதருக்கு நல்லது என்றும் அதிகாரிகள் எண்ணியிருந்தனர். உள்ளூர் மக்களோ, ‘முள்தான் குருத்துக்கு வேலி, அதை எடுத்தால் மாடும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்றுவிடும்’ என்றார்கள். ஆராய்ந்து பார்த்தபோது மக்கள் சொன்னதே உண்மையாயிற்று. ஏட்டறிவு அறியாததைக் காட்டோடு வாழ்ந்தவர் அறிந்திருந்தனர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். பெருந்தொழிலுக்கு மலிவாகக் கொடுக்கும்போது, அதே பொருளை நம்பி வாழும் சிறு தொழிலாளியை மறந்துவிடக் கூடாது, இது முதற்பாடம். கைத்தொழிலாளியின் அனுபவமும் ஓர் அறிவே, அவரைக் கேட்காமல் திட்டம் தீட்டக் கூடாது, இது இரண்டாவது.

வாங்குவோர் எங்கே?

மூங்கில் தொழிலின் பழைய பெருமைக்கு ஒரு செய்தி. 1880இல் தாமஸ் ஆல்வா எடிசன் தம் மின்விளக்கின் இழைக்காகப் பல பொருள்களைச் சோதித்து, இறுதியில் ஜப்பானிய மூங்கிலைக் கரியாக்கிப் பயன்படுத்தினார். அவ்விளக்கு 1,200 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூங்கிலின் ஒளியில்தான் உலகம் முதலில் படித்தது எனலாம்!

இன்றைய தேவைகளில் நமக்கு அருகில் இருப்பது ஊதுவத்தி. பெங்களூரும் மைசூரும் ஊதுவத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஆயினும் வத்திக்குள் இருக்கும் உருண்டைக் குச்சி பெருமளவில் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. மூங்கில் வளத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றான நாம் குச்சியை வெளியிலிருந்து வாங்கினோம்! 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2020 ஜூனில் மூங்கிற் குச்சியின் இறக்குமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்த்தியது.

வரி மட்டும் போதவில்லை. வெட்டிய மூங்கிலில் ஆறில் ஒரு பங்குதான் வத்திக் குச்சியாகிறது. மீதி கழிவாகிறது என்று கதர் கிராமத் தொழில் ஆணையம் எடுத்துக் கூறியது. கழிவுக்கும் விலை கிடைத்தால்தான் குச்சி மலிவாகும். ஆகவே 2022 மே மாதத்தில் மூங்கிற் கரியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை நீக்கப்பட்டது. ஒரு சிறு குச்சிக்குப் பின்னால் எத்தனை கணக்கு பாருங்கள்!

கட்டடத் துறையிலும் மூங்கில் புகுந்துவிட்டது. மூங்கிற் பாயை அடுக்கி, பசையிட்டு, அழுத்திப் பலகையாகவும் நெளிந்த கூரைத் தகடாகவும் ஆக்கும் முறை பெங்களூரில் இருந்த ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் மேற்கூரையும் தூண்களும் மூங்கிலால் அழகு செய்யப்பட்டுள்ளன. அசாம் மாநிலம் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு வகை மூங்கில் வேண்டும். ஊதுவத்திக் குச்சிக்கு வடகிழக்கில் விளையும் துல்டா என்ற வகை பெரிதும் பயன்படுகிறது. எரிபொருளுக்குக் கெட்டியான வகை வேண்டும். கூடை முடைய, கணு நீண்டு எளிதில் பிளக்கும் கழி வேண்டும். ஆகையால் ‘எந்தக் கன்று நல்லது?’ என்று கேட்பதைவிட ‘யார் வாங்குவார்?’ என்று முதலில் கேட்கவேண்டும். அறுவடைக்கு நான்கைந்து ஆண்டு காத்திருந்தபின் ஆளில்லை என்றால் உழவர் என்ன ஆவார்?

முடையும் கைக்கும் உதவி

இப்பொழுது நம் ஊரின் பக்கம் திரும்புவோம். நிலமுள்ளவர்க்குக் கன்றுக்கான உதவி உண்டு. நிலமற்ற முறம்கட்டிக்கு என்ன உண்டு?

மத்திய அரசு 2023 செப்டம்பரில் அறிமுகம் செய்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கூடை, பாய் முடைதலும் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை வகுத்து 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 வகைக் கைத்தொழில் செய்வோர்க்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் தருவதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவிகளுக்கு அணுக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

கடன் நல்லதே. ஆனால் முடைபவருக்குத் தினமும் வேண்டியது பச்சை மூங்கில். நியாய விலையில், அருகிலேயே. அதற்கு அவர் வெகுதூரம் பயணம் செய்தால், லாரிக் கூலியும் தரகும் போக முறத்தில் மிஞ்சுவது என்ன? முறம் பின்னும் நாளைக் கூலியாகக் கணக்கிட்டால், நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஐந்து ரூபாய் அந்தக் கூலியிலிருந்தே போகிறது.

இங்கேதான் நம் வட்டாரப் பெண்களின் வலிமை உதவக்கூடும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் அரசுத் திட்டமாக முதன்முதலில் வேரூன்றியது 1989இல், தருமபுரி மாவட்டத்தில். அப்பொழுது கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் சிங்காரப்பேட்டையும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. 2004இல்தான் தனி மாவட்டம் பிறந்தது. சீட்டும் சேமிப்பும் தொடங்கி வங்கிக் கடன் வரை நம் தாய்மாரும் பாட்டிமாரும் கற்றுக்கொண்ட பாடம் அது. வரப்பிலும் ஓடைக்கரையிலும் மூங்கில் வைத்த உழவர் நாலு பேரும், முடையத் தெரிந்த மகளிர் குழு ஒன்றும் முன்கூட்டியே விலை பேசிக்கொண்டால், உழவருக்கு வாங்குபவர் கிடைப்பார். குழுவுக்கு மூங்கில் கிடைக்கும். அரசு தரும் இரண்டு உதவிகளும் தனித்தனியே கிடப்பவை. அவற்றை முடிச்சிட வேண்டியவர்கள் நாம்தான். நட்ட உதவியும் முடைந்த உதவியும் ஒன்று சேர்ந்தால் அன்றிப் பச்சைத் தங்கம் என்பது வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

நட விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

1. மழை தொடங்கும் பருவத்தில் இரண்டடிக் குழி எடுத்துத் தொழு உரமும் மேல் மண்ணும் இட்டு நடலாம். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் கட்டாயம்.

2. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இடையில் நிலக்கடலையோ கொள்ளோ பயிரிட்டால் கையில் காசு நிற்கும். நல்ல விளைநிலத்தை முழுவதும் மூங்கிலாக்க வேண்டியதில்லை. வரப்பும் ஓடைக்கரையும் தரிசும் போதும்.

3. ஆண்டுதோறும் புதரின் அடியில் மண் அணைக்க வேண்டும்.

4. மூன்று வயதுக்குக் குறைந்த கழியை வெட்டக் கூடாது. தரைக்கு மேல் முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். குருத்து விடும் மழைக்காலத்தில் கத்தி வைக்கலாகாது.

5. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. வெட்டிய கழியைச் சில வாரம் ஓடும் நீரில் ஊறவைத்தால் அச்சத்து கரைந்து, உளுத்துப்போவது குறையும். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது இக்கால முறை.

6. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற யானைக் காட்டோரங்களில் இருப்பவர்கள் யோசித்து நடவேண்டும். மூங்கில் யானைக்குப் பிரியமான உணவு.

நாம் செய்யக்கூடியவை

தோழியரே, இவையெல்லாம் பெரியவர் காரியம் என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. அந்தத் தடை வெற்றி பெறுவது கடைக்காரர் கையில் மட்டும் இல்லை. வகுப்பறைக் குப்பைக்கு மூங்கிற் கூடை வாங்கலாம். கிறிஸ்துமஸ் குடிலையும் நட்சத்திரத்தையும் ஆண்டுதோறும் பிளாஸ்டிக்கில் வாங்காமல், முடைபவரிடம் சிம்பு வாங்கி நாமே கட்டலாம். கைவேலை வகுப்பில் முறம் கட்டும் அம்மா ஒருவரை ஆசிரியையாக அழைக்கலாம். அவருக்குக் கூலியும் கொடுக்கலாம், வணக்கமும் சொல்லலாம்.

பெற்றோர் வரப்போரத்தில் பத்துக் கன்று வைக்கட்டும். இன்று நட்டால், இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டில் முதற்கழி வெட்டத் தயாராக இருக்கும். அந்தக் கழியை யார் வாங்கி, எதை முடைந்து, என்ன விலைக்கு விற்பார் என்பதை இப்போதே பேசிவைப்போம். சந்தையில் முறம் வாங்கும்போது பேரத்தைச் சற்றே நிறுத்துவோம்.

புதர் செழிக்கட்டும்; முடையும் கையும் செழிக்கட்டும்!